உன் தலைமேல் வைத்த கை

தம்பி,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மா கடிதம் எழுதி வைத்திருக்கிறாளே என்று சிரிக்காதே. நேரில் சொல்ல மூன்று முறை முயன்றேன். முதல் முறை, கல்யாணப் பட்டு மெரூனா பச்சையா என்று நீ கேட்டாய். பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. இரண்டாம் முறை மின்சாரம் போனது; ஜெனரேட்டரைத் திட்டிக்கொண்டே நீ கீழே இறங்கிப் போனாய். மூன்றாம் முறை எதுவும் குறுக்கே வரவில்லை. நீ எதிரே உட்கார்ந்து, மீன் குழம்பு ஊற்றிய மோஹிங்கா சேமியா சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். நானும் வாயைத் திறந்தேன். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றுதான் வந்தது. காலமெல்லாம் சோப்பு ஆலை அலுவலகத்தில் எழுதியே பிழைத்தவளுக்கு வாயைவிடக் கைக்குத்தான் துணிச்சல் அதிகம். அதனால் எழுதுகிறேன்.

தமிழில் எழுதுவது வேண்டுமென்றேதான். பர்மியில் எழுதினால் டீக்கடைப் பேப்பர் மாதிரி ஒரே மூச்சில் படித்து முடித்துவிடுவாய். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். இதை நீ மெதுவாகப் படிக்க வேண்டும். யாருக்குப் படித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. தை பிறந்ததும் இந்த வீட்டுக்குள் வலது காலை வைத்து வரப்போகிறாளே, அவளுக்குக் கட்டாயம் படித்துக் காட்டு. எந்த வீட்டுக்கு வருகிறோம் என்று அவளுக்கும் தெரிய வேண்டும்.

வெள்ளிக்கிழமை நீ இரண்டு செய்திகளோடு வந்தாய். ஒன்று, கல்யாணப் பத்திரிகைகளில் முதலாவது உன் முதலாளி அக்கோஜிக்கு, தாலியை எடுத்துக் கொடுப்பதும் அவர்தான் என்றாய். இன்னொன்று, திங்கட்கிழமை காலையில் அவரோடு ஒரு பழைய அரிசி ஆலைக்குப் போகிறாய். அதை அவர் அரசாங்கத்திடமிருந்து வாங்குகிறார். அங்கே குடியிருப்பவர்களிடம் நீ பேச வேண்டும். "அவங்கல்லாம் நம்ம ஆளுங்களாம்மா. 'உங்கம்மா பேசின மாதிரி நீ பேசு, அது போதும்'னு சொன்னாரு," என்று பூரிப்போடு சொன்னாய். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். உங்கம்மா எப்படிப் பேசினாள் என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

அக்கோஜியின் பேரை இங்கே எழுத மாட்டேன். அக்கோஜி என்றால் பெரியண்ணன்; ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. அவரைக் கெட்டவர் என்று எழுதினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் எண்பத்தெட்டில் தெருவெல்லாம் பட்டாளம் சுட்டுக்கொண்டிருந்தபோது, கடைகள் பூட்டிக்கிடந்தபோது, உனக்கு மூன்று வயது, வீட்டில் பிடி அரிசி இல்லை. அப்போது அவர் துறைமுகத்தில் உங்கப்பாவோடு சரக்கு சரிபார்க்கிற வேலையில் இருந்தார். ஒரு சைக்கார் ரிக்‌ஷாவில் அரை மூட்டை அரிசியைப் போட்டு, மேலே விறகை அடுக்கி மறைத்து, பபேடான் தெருக்களுக்குள் மிதித்துக்கொண்டு வந்து நம் வாசலில் இறக்கினார். உங்கப்பா துறைமுகத்தில் சரக்கு சரிந்து செத்தபோது ஆஸ்பத்திரியிலும் நின்றார், சுடுகாட்டிலும் நின்றார். அந்த அரிசி பொய்யில்லை. எத்தனை வருஷம் கழித்தும் அவர் முகத்துக்கு நேரே என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாமல் போனதற்கு அந்த அரிசியும் ஒரு காரணம். எல்லாப் பழியையும் அரிசியின் மேல் போடவும் முடியாது.

எண்பத்தெட்டுக்குப் பிறகு சோஷலிசம் போய்விட்டது, யாரும் வியாபாரம் செய்யலாம் என்றார்கள். அக்கோஜி துறைமுக வேலையை விட்டார். எல்லையிலிருந்து சாமான் கொண்டுவந்தார், பஸ் விட்டார், கட்டடம் கட்டினார், பிறகு பெரிய அதிகாரிகளின் பிள்ளைகள் கல்யாணங்களில் முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் ஆற்றுக்கு அப்பால் தன்லியினில் அரசாங்கச் சோப்பு ஆலையில் எழுத்தராகவே இருந்து தலைமை எழுத்தர் ஆனேன். இந்த வருஷத் தொடக்கத்தில் பேப்பரில் பட்டியல் வந்தது: ஆலைகள், கிடங்குகள், சினிமாக் கொட்டகைகள், பெட்ரோல் பங்குகள், எல்லாம் தனியாருக்கு விற்கப்படும் என்று. எங்கள் சோப்பு ஆலையும் அதில் இருந்தது. என்ன விற்கலாம் என்று ஆலோசனை சொன்ன குழுவில் அக்கோஜி இருந்தார். சோப்பு ஆலையை வாங்கியவரும் அக்கோஜிதான். சமைத்தவரே பந்தியில் முதல் இலையிலும் உட்கார்ந்தார். எனக்கு அப்போது அது தப்பாகப் படவில்லை. நம்ம வீட்டு ஆள் முதல் இலையில் உட்கார்ந்தால் யாருக்குத்தான் தப்பாகப் படும்?

எனக்குள் இன்னொரு கணக்கும் ஓடியது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது உன் தாத்தாவின் மளிகைக் கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது உனக்குத் தெரியும். ஒரு காலையில் ஆட்கள் வந்து சாவியை வாங்கிக்கொண்டு, மக்கள் கடை என்று பலகை மாட்டிவிட்டுப் போனார்கள். எத்தனையோ பேர் கப்பலேறி ஊருக்குப் போனார்கள். தாத்தா போகவில்லை. தன் கடையிலேயே சம்பளத்துக்கு நின்று பருப்பு நிறுத்தார். அதனால் அரசாங்கத்திடமிருந்து ஒரு பொருள் கைமாறுகிறது என்றால், தாத்தாவுக்குத் திரும்பி வருகிற மாதிரியே எனக்கு இருந்தது. அக்கோஜி கியாக்டடாவில் இருக்கிற தன் அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டார். "அமா, இத்தனை வருஷமா அரசாங்கம் சோப்பு செய்யுது, எவன் கையாவது சுத்தமாச்சா? நாம செய்வோம். ஆலை நல்லா ஓடும், ஜனங்க நல்லா இருப்பாங்க," என்றார். அமா என்றால் அக்கா. அத்தனை பெரிய மனிதர் எழுந்து நின்று என்னை அக்கா என்கிறார். ஜன்னல் வழியே சூலே புத்தர் கோயிலின் தங்க முனை தெரிகிறது. நான் மயங்கிப் போனேன் தம்பி. அம்பது வயதுக்கு மேல் மயங்குகிறவர்களைப் பார்த்து ஊர் சிரிக்கும். ஆனால் பெரிய மனிதர்கள் எழுந்து நின்றால் நம் ஜனங்கள் அம்பதிலும் மயங்குவோம்.

முதலில் அவர் கேட்டது சின்ன விஷயம். ஆலையின் யந்திரங்களைப் பட்டியல் எடுக்க வேண்டும். எது ஓடும், எது ஓடாது என்று தலைமை எழுத்தர்தான் எழுத வேண்டும். பெரிய பாய்லருக்கு எதிரே 'பயன்பாட்டுக்கு உதவாது' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். எழுதும்போது என் மேசையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பாய்லரின் புகை தெரிந்தது. அன்று காலைதான் அதைப் பற்றவைத்திருந்தார்கள். புகைகிற பாய்லரைப் பார்த்துக்கொண்டே அது செத்துப்போயிற்று என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். ஆலை பழைய இரும்பு விலைக்குப் போனது.

அடுத்துக் கேட்டதுதான் நான் இத்தனை நாள் உன்னிடம் மறைத்தது. ஆலைக்குப் பின்னால் லைன் வீடுகள் இருந்தன, நீ பார்த்திருக்கிறாய். சோப்பு ஆலை ஒரு தமிழ் முதலாளியிடம் இருந்த காலத்திலிருந்து நம் ஜனங்கள் அங்கே குடியிருந்தார்கள். அரசாங்கம் எடுத்த பிறகும் அப்படியே இருந்தார்கள். ஆலை கைமாறுவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று அந்தக் குடும்பங்கள் கையெழுத்துப் போட்டால் காரியம் சீக்கிரம் முடியும் என்றார் அக்கோஜி. "அவங்களுக்கு உங்களைத்தான் தெரியும், அமா. நீங்க சொன்னா போதும்." வரைபடத்தை மேசையில் விரித்தார். விற்கப்படும் நிலத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு ஓடியது. அது லைன் வீடுகளுக்கு இந்தப் பக்கம் ஓடவில்லை. அந்தப் பக்கம், வாய்க்காலை ஒட்டி ஓடியது. வீடுகளும் நடுவிலிருந்த முனீஸ்வரன் கோயிலும் கோட்டுக்கு உள்ளே இருந்தன. நான் விரலை வைத்துக் காட்டினேன். "இது?" என்றேன். "அதை அப்புறம் பாத்துக்கலாம்," என்றார். நானும் சரி என்றேன். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அரசாங்க அலுவலகத்தில் நரைத்த எனக்கா தெரியாது?

நாலு நாள் கழித்து லைனில் பங்குனிப் பொங்கல். நீயும் வந்தாய். நான்தான் கூட்டிப்போனேன், தனியாகப் போகக் கூச்சமாக இருந்தது. பொங்கல் வைத்து முடித்ததும் அரசமரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் காகிதத்தை எடுத்துப் படித்தேன். புது முதலாளி நல்லவர், ஆலை ஓடும், வேலை இருக்கும், வீட்டை யாரும் தொட மாட்டார்கள் என்றேன். எல்லாரும் அஞ்சலையைப் பார்த்தார்கள். பொட்டலம் கட்டுகிற பகுதியில் என்னைவிட அதிக வருஷம் வேலை பார்த்தவள் அவள். அவள் புருஷன் வேலு அண்ணன் காஸ்டிக் சோடா தெறித்து ஒரு கண்ணை இந்த ஆலைக்குக் கொடுத்தவர். அவள் எழுந்து வந்தாள்.

"சாயேமாக்கா, எங்களுக்குக் காயிதம் தெரியாது. நீ படிக்கிற, நாங்க கேக்குறோம். வூட்டுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு உன் புள்ள தலையில கை வெச்சுச் சொல்லிரு. நாங்க கைநாட்டு வெச்சிர்றோம்."

சாயேமா என்றால் எழுத்தர் அம்மா. அதோடு அக்காவையும் சேர்த்து அவர்கள் எனக்கு வைத்த பேர் அது. நான் காகிதத்தை மடித்தேன், பிரித்தேன். அந்த நேரம் நீ என்ன செய்தாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? கையிலிருந்த பொங்கல் இலையை வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே எழுந்து வந்து என் முன்னால் தலையைக் குனிந்தாய். "எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க அத்தை. இந்தாங்க, தலை," என்றாய். அன்றுதான் முடி வெட்டியிருந்தாய், பின்கழுத்தில் வெள்ளையாகப் பவுடர் இருந்தது. நான் கையை வைத்தேன். "என் புள்ள மேல சத்தியம்," என்றேன். சிவப்புக் கோடு கண்ணுக்கு எதிரே இருந்தது. இருந்தும் சொன்னேன்.

ஆடி மாத மழையில் லாரிகள் வந்தன; லைன் வீடுகளை இடித்து எல்லாரையும் வெளியேற்றினார்கள். உன்னிடம் என்ன சொன்னேன்? அரசாங்கம் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டது, அக்கோஜிக்கே தெரியாது, பாவம் என்றேன். நீ நம்பினாய். "நீங்க என்னம்மா செய்வீங்க, உங்களையும் ஏமாத்திட்டாங்க," என்று எனக்கு ஆறுதல் சொன்னாய். அந்த ஆறுதலை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். என்னை யாரும் ஏமாற்றவில்லை தம்பி. சத்தியம் செய்வதற்கு நாலு நாள் முன்னாலேயே எனக்குத் தெரியும். இந்த மூன்றாம் மாடி வீடு என் சேமிப்பிலும் பணிக்கொடையிலும் வாங்கியது என்று சொன்னதும் பொய். சோப்பு ஆலை எழுத்தரின் சேமிப்பில் பபேடானில் ஒரு மாடிப்படி வாங்கலாம், மாடி வாங்க முடியாது. லைன் காலியான மாதமே இதன் சாவி என் கைக்கு வந்தது. உனக்கு அக்கோஜியின் கம்பெனியில் உதவி மேனேஜர் வேலையும் வந்தது. நீ உன் படிப்புக்காகக் கிடைத்தது என்று நினைத்தாய். உன் படிப்புக்கும் கிடைத்திருக்கும், நீ கெட்டிக்காரன். ஆனால் கிடைத்தது அதற்காக இல்லை.

அடுத்த மாதமே உனக்கு டெங்கு வந்தது. கொசுவுக்கு என் சத்தியம் தெரியாது என்று எனக்கும் தெரியும். நானும் நாலு எழுத்து படித்தவள்தான். ஆனாலும் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஒவ்வொரு சாமியிடமும் கெஞ்சினேன். மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். "சும்மா கொசுக்கடிக்கு இவ்வளவு வேண்டுதலா?" என்று நீ கேலி செய்தாய். பயம் உன் காய்ச்சலோடு இறங்கிவிட்டது. வெட்கம் இறங்கவில்லை. உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று வந்த வெட்கம் இல்லை அது. அந்த ஜனங்களிடம் காட்ட என்னிடம் இருந்த ஒரே நல்ல பொருள் நீ. உன்னை எடுத்துக் காட்டி அவர்களை ஏமாற்றினேன். என் அப்பாவிடம் சாவி வாங்கியவர்களாவது யார் தலையிலும் கை வைக்கவில்லை.

தேர்தலில் நின்று அக்கோஜி வென்ற வாரம், நம் தெருவெல்லாம் அவர் படம் ஒட்டியிருந்த வாரம், பத்திரிகைகள் அச்சாகி வந்தன. நீ முதல் பத்திரிகையை அவருக்கு என்று எடுத்து வைத்திருந்தாய். அதை நேற்று நான் எடுத்துக்கொண்டேன். நீ வெள்ளி டம்ளருக்குப் பின்னால் தேடியது அதைத்தான், கோபித்துக்கொள்ளாதே. தட்டில் வெற்றிலை பாக்கு மஞ்சள் குங்குமத்தோடு வைத்துக்கொண்டு, பாலம் தாண்டி பஸ்ஸில் போய், அதற்கப்பால் வயல் ஓரம் நடந்து, கேட்டுக் கேட்டு அஞ்சலை இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்தேன். மூங்கில் குடிசை. வாசலில் பருப்பு வடை சுட்டுக்கொண்டிருந்தாள். வேலு அண்ணன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஓரமாக முனீஸ்வரனின் சூலம், பிளாஸ்டிக் தாளால் மூடியிருந்தது.

"வா சாயேமாக்கா. பலகை ஈரமா கெடக்கு, இந்தச் சாக்கைப் போட்டுக்கிட்டு உக்காரு," என்றாள். திட்டுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். சாக்கு போட்டுக் கொடுத்தாள். பத்திரிகையைப் படிக்கச் சொன்னாள், படித்தேன்.

"தம்பிக்கு மேலுக்கு முடியாம இருந்துச்சாமே?"

"டெங்கு. இப்ப நல்லா இருக்கான்."

"இங்க ரெண்டு பேரு வாய்க்கு வந்தபடி பேசுனாங்க. நாந்தான் வாய மூடுங்கன்னேன். அந்தப் புள்ள என்னா பண்ணுச்சு? தலையக் குனிஞ்சு நின்னுச்சு, அம்புட்டுத்தான்." எண்ணெயில் வடையைத் திருப்பினாள். "உனக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"தெரியும்."

வேலு அண்ணன் வெங்காயத்தைக் கீழே வைத்தார். அவள் நிமிரவில்லை.

"தம்பிக்கு?"

"தெரியாது."

"அப்ப மொதல்ல அதுகிட்ட சொல்லு. ஒண்ணும் தெரியாத புள்ள தலையில நான் எப்பிடிக்கா அட்சதை போடுவேன்? தெரிஞ்சிக்கிட்டு அது வந்து கூப்பிடட்டும், வரேன்."

பத்திரிகையை வாங்கி வைத்துக்கொண்டாள். தாம்பூலத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அதை எடுத்தால் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று உனக்குத் தெரியும். தட்டு சமையலறை மேடையில் இருக்கிறது. வெற்றிலை வாடிவிட்டது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நீ எழுந்திருக்கும்போது நான் அஞ்சலை வீட்டில் இருப்பேன், சாயந்தரம்வரை அங்கேயே இருப்பேன். வெங்காயம் உரிக்க ஆள் தேவைப்படுகிறது. நீ வருவதானால் புது வெற்றிலை வாங்கிக்கொண்டு வா. வராவிட்டால் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. இந்த வீட்டில் இருப்பதா, சாவியைத் திருப்பிக் கொடுப்பதா, வேலையை என்ன செய்வது, எனக்குத் தெரியவில்லை. நீயும் இந்த வீட்டுக்கு வரப்போகிறவளும் பேசி முடிவு செய்யுங்கள். நான் எந்த முடிவுக்கும் கட்டுப்படுகிறேன்.

நாளைக்கு நீ அந்த அரிசி ஆலைக்குப் போனால், போகுமுன் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார். சிவப்புக் கோடு எங்கே ஓடுகிறது என்று உன் விரலாலேயே தடவிப் பார். அங்கேயும் ஒரு அஞ்சலை இருப்பாள். உனக்கு இன்னும் பிள்ளை இல்லை, அதனால் உங்கம்மா மேல சத்தியம் பண்ணு என்பாள். என் மேல் நீ பொய்ச் சத்தியம் செய்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. செய்தவர்களுக்கு என்ன ஆகும் என்று மட்டும் எனக்குத் தெரியும். தீபாவளியன்று உன் தலைக்கு எண்ணெய் வைக்கச் சித்தியைக் கூப்பிட்டேனே, கை வலி என்று சொல்லி. டெங்குவில் நீ அனலாகக் கிடந்தபோதும் நெற்றியில் ஈரத்துணி வைக்க நர்ஸைத்தான் கூப்பிட்டேன். பங்குனியிலிருந்து இந்த மார்கழி வரை நான் உன் தலையைத் தொடவில்லை.

எனக்குக் கை வலி இல்லை, தம்பி.